இழப்பு யார் தலையில்?

புனே நகரில் 1906ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட காஸ்மாஸ் கூட்டுறவு வங்கியிலிருந்து 2018 ஆகஸ்ட் 11, 13 ஆகிய இரு நாட்களில் 94 கோடி ரூபாய்க்கு மேல் களவாடப்பட்டது. எந்தக் கிளையின் பூட்டும் உடைக்கப்படவில்லை. அவ்வங்கியின் அட்டைகளைப் போலவே தயாரிக்கப்பட்ட போலி டெபிட் கார்டுகளைக் கொண்டு 28 நாடுகளின் ஏடிஎம் இயந்திரங்களிலிருந்து ஏறத்தாழ 78 கோடி ரூபாயும், இந்தியாவுக்குள் சுமார் இரண்டரைக் கோடி ரூபாயும் சனிக்கிழமையன்று சில மணி நேரத்துக்குள் எடுக்கப்பட்டன. ஞாயிறு கழிந்து திங்களன்று, ஸ்விஃப்ட் எனப்படும் பன்னாட்டு வங்கிச் செய்தி வலைப்பின்னல் வழியாக ஹாங்காங்கில் உள்ள ஒரு வங்கிக் கணக்குக்கு மேலும் 13.92 கோடி ரூபாய் சென்று சேர்ந்தது.

இதே காலத்தில் கொல்கத்தாவில் ஏடிஎம் இயந்திரங்களில் தகவல் திருடும் கருவிகளைப் பொருத்திய கும்பல் ஒன்று, பல வாடிக்கையாளர்களின் கணக்குகளிலிருந்து பணத்தை எடுத்துள்ளது. கொல்கத்தாவில் வசிப்பவரின் பணம் டெல்லியில் எடுக்கப்பட்டது. அவரது அட்டையோ அவரது பையிலேயே இருந்தது.

இவ்விரு செய்திகளுக்கும் இடையே மூன்றாவது செய்தி ஒன்றும் வெளிவந்தது. பண மதிப்பு நீக்கத்தின்போது செல்லாதென அறிவிக்கப்பட்ட 500, 1,000 ரூபாய் நோட்டுகளில் 99.3 சதவீதம் வங்கிகளுக்குத் திரும்பிவிட்டதாக 2018 ஆகஸ்ட் 29 அன்று வெளியான ரிசர்வ் வங்கியின் ஆண்டறிக்கை கூறுகிறது. கறுப்புப் பணம் ஒழியும் என்ற முதல் வாக்குறுதி இத்துடன் முடிந்துபோனது. எஞ்சியிருப்பது, மக்களை ரொக்கத்திலிருந்து டிஜிட்டல் பரிவர்த்தனைக்கு மாற்றிவிட்டோம் என்ற பெருமிதம் மட்டுமே. அந்தப் பெருமிதத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதே இப்போது கேட்கப்பட வேண்டிய கேள்வி.

அட்டை எவ்வாறு இயங்குகிறது?

டெபிட் கார்டு என்பது பணமன்று; கணக்கில் உள்ள பணத்தை எடுப்பதற்கான ஆணையை வங்கிக்குக் கொண்டு செல்லும் கருவி. அட்டையை இயந்திரத்தில் செருகி இரகசிய எண்ணை அழுத்தியதும், அந்த ஏடிஎம்மை நடத்தும் வங்கியின் கணினி அக்கோரிக்கையைப் பெறுகிறது. அங்கிருந்து ரூபே, விசா, மாஸ்டர்கார்டு போன்ற வலைப்பின்னல் வழியே அட்டையை வழங்கிய வங்கிக்குச் செல்கிறது. அவ்வங்கியின் ‘ஸ்விட்ச்’ எனப்படும் இணைப்புக் கணினி, எண் சரியா, கணக்கில் பணம் உள்ளதா என்று மைய வங்கிக் கணினியிடம் கேட்டறிந்து ‘வழங்கலாம்’ அல்லது ‘வழங்கக் கூடாது’ என்று பதில் அனுப்புகிறது. இவ்வளவும் சில நொடிகளில் நடந்து முடிகின்றன.

இந்தச் சங்கிலியில் வாடிக்கையாளரின் கையில் இருப்பவை இரண்டே: அட்டையும் இரகசிய எண்ணும். மற்ற கண்ணிகள் அனைத்தும் வங்கியின் கையிலோ, வங்கி ஒப்பந்தம் கொடுத்த தனியார் நிறுவனத்தின் கையிலோ உள்ளன.

அட்டையின் பின்புறம் உள்ள காந்தப் பட்டையில் பொதிந்திருக்கும் தகவல் ஒருபோதும் மாறுவதில்லை. ஆகவே அதை ஒருமுறை படியெடுத்தவர் எத்தனை போலி அட்டைகளை வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். அட்டை செருகும் வாயில் பொருத்தப்படும் சிறு கருவி பட்டையைப் படிக்கிறது. மேலே ஒட்டப்படும் சிறு கேமரா, விரல் அழுத்தும் எண்களைப் பதிவு செய்கிறது. கொல்கத்தாவில் கையாளப்பட்ட திருட்டு முறை இதுவே. 2016 ஆகஸ்டில் திருவனந்தபுரத்தில் நடந்ததும் இதுதான்.

சிப் பதித்த அட்டை இதனின்று மாறுபட்டது. ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் புதியதொரு குறியீட்டை அது உருவாக்குவதால், ஒரு பரிவர்த்தனையில் திருடிய தகவல் அடுத்ததற்கு உதவாது. பழைய காந்தப் பட்டை அட்டைகள் அனைத்தையும் 2018 டிசம்பர் 31க்குள் சிப் அட்டைகளாக மாற்ற வேண்டுமென்று ரிசர்வ் வங்கி 2015ஆம் ஆண்டிலேயே ஆணையிட்டது. மூன்று ஆண்டுகளுக்கும் மேற்பட்ட அந்த அவகாசத்தில் நான்கு மாதங்கள்கூட மீதமில்லாத நிலையிலும், சிப் இல்லாத அட்டைகள் புழக்கத்தில் இருந்தன.

எனினும் சிப் மட்டுமே பாதுகாப்பாகிவிடாது என்பதைக் காஸ்மாஸ் வங்கிக் களவு காட்டுகிறது. அங்கே ஏமாற்றப்பட்டவர் வாடிக்கையாளர் அல்லர், வங்கியே ஏமாற்றப்பட்டது. தீங்குநிரல் வழியாக உள்ளே நுழைந்தவர்கள், வங்கியின் ஸ்விட்ச்சுக்கு இணையாகப் போலி ஸ்விட்ச் ஒன்றை நிறுவினர். போலி அட்டைகள் அனுப்பிய கோரிக்கைகள் மைய வங்கிக் கணினியைச் சென்றடையாமலேயே, அந்தப் போலி இணைப்பு ‘வழங்கலாம்’ என்று பதிலளித்தது. தங்கள் கணக்குகளில் கைவைக்கப்படவில்லை என்பது வாடிக்கையாளர்களுக்கு ஆறுதலளிக்கலாம். ஆனால் கூட்டுறவு வங்கியின் நிதி என்பது அதன் உறுப்பினர்களின் நிதியே அன்றி வேறென்ன?

ஸ்விஃப்ட் வழியே பணம் போனதும் புதிய பாடமன்று. பஞ்சாப் நேஷனல் வங்கியில் 13,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட மோசடி 2018 பிப்ரவரியில் வெளிப்பட்டபோது, ஸ்விஃப்ட் செய்திகள் மைய வங்கிக் கணினியோடு இணைக்கப்படாமல் இருந்ததே அதற்கு வழிவிட்டது என்பது தெரியவந்தது. ஏப்ரல் இறுதிக்குள் அவற்றை இணைக்குமாறு ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கெடு விதித்தது. ஆயினும் அதே ஆண்டு ஆகஸ்டில், வேறு விதமாக என்றாலும், ஸ்விஃப்ட் வழியாகவே மீண்டும் பணம் பறிபோனது.

முன்னரே ஒலித்த எச்சரிக்கை

மத்திய அரசு எச்சரிக்கப்படாமல் இல்லை. 2016 அக்டோபரில், நாடெங்கும் சுமார் 32 லட்சம் டெபிட் கார்டுகளின் பாதுகாப்பு கேள்விக்குள்ளானது. பாரத ஸ்டேட் வங்கி மட்டும் ஏறத்தாழ 6 லட்சம் அட்டைகளை முடக்கி, புதியவற்றை வழங்க நேர்ந்தது. பல வங்கிகளின் சார்பில் ஏடிஎம் பரிவர்த்தனைகளைக் கையாண்ட ஹிட்டாச்சி பேமென்ட் சர்வீசஸ் நிறுவனத்தின் கணினிகளில் தீங்குநிரல் புகுந்திருந்தது. 2016ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் நடந்த இந்த ஊடுருவலை அந்நிறுவனம் 2017 பிப்ரவரியில்தான் உறுதி செய்தது.

32 லட்சம் அட்டைகள் பற்றிய செய்தி வெளியாகி மூன்று வாரங்கள்கூட ஆகாத நிலையில், நவம்பர் 8 அன்று இரவு பிரதமர் நாட்டின் ரொக்கத்தில் 86 சதவீதத்தைச் செல்லாததாக்கினார். ஏடிஎம் வாசல்களில் வரிசையில் நின்ற மக்களுக்கு, அட்டைக்கு மாறுங்கள் என்ற உபதேசம் வழங்கப்பட்டது. எந்த அமைப்பின் ஓட்டைகள் அப்போதுதான் அம்பலமாகியிருந்தனவோ, அதே அமைப்புக்குள் கோடிக்கணக்கான மக்கள் நெருக்கித் தள்ளப்பட்டனர். வீட்டின் சுவர் விரிசல் கண்டிருக்கிறது என்று தெரிந்த பிறகு, சுவரைச் சரிசெய்யாமல் ஊரையே அந்த வீட்டுக்குள் குடியேற்றியதற்கு இது ஒப்பாகும்.

ஏடிஎம் இயந்திரங்களின் நிலை இதற்கு மற்றொரு சான்று. அவற்றில் பல 2018இலும் விண்டோஸ் எக்ஸ்பி என்ற இயங்குதளத்தில் ஓடின. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களை வழங்குவதை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2014 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டிருந்தது. ரிசர்வ் வங்கி 2017இல் சுட்டிக்காட்டியும் வங்கிகள் அசையவில்லை. 2018 ஜூன் 21 அன்று அது மீண்டும் ஒரு சுற்றறிக்கை அனுப்பி, 2019 ஜூன் வரை படிப்படியாக அவகாசம் கொடுத்தது. அதுவரை அந்த இயந்திரங்களில் அட்டையைச் செருகியவர்களின் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு?

மூன்று நாள் விதி

2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை இக்கேள்விக்கு ஓரளவு விடை தருகிறது. கூட்டுறவு வங்கிகளுக்கும் அது அதே ஆண்டு டிசம்பரில் விரிவுபடுத்தப்பட்டது. அட்டை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அதன் சாரத்தை அறிந்திருக்க வேண்டும். ஏனெனில் வங்கிக் கிளையின் அறிவிப்புப் பலகையில் அது கண்ணில் படுவது அரிது.

வங்கியின் தவறாலோ குறைபாட்டாலோ பணம் போயிருந்தால், வாடிக்கையாளர் புகார் செய்தாலும் செய்யாவிட்டாலும், இழப்பு முழுவதும் வங்கியையே சாரும். வங்கியும் வாடிக்கையாளரும் தவறு செய்யாமல், அமைப்பின் வேறோர் இடத்தில் நடந்த ஊடுருவலால் பணம் போயிருந்தால், வங்கியின் தகவல் கிடைத்ததிலிருந்து மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்பவருக்கு எந்த இழப்பும் இல்லை. நான்கு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் புகார் செய்தால், ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு அவர் இழப்பை ஏற்க வேண்டும். அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு 5,000 ரூபாய், சாதாரண சேமிப்புக் கணக்குக்கு 10,000 ரூபாய் என்பன அந்த வரம்புகள். ஏழு நாட்களுக்குப் பின் அந்தந்த வங்கி நிர்வாகக் குழுவின் கொள்கையே முடிவு செய்யும்.

புகார் பெற்ற பத்து வேலை நாட்களுக்குள், விசாரணை முடியும்வரை காத்திராமல், அத்தொகையை வங்கி கணக்கில் திரும்ப வரவு வைக்க வேண்டும். 90 நாட்களுக்குள் புகாரைத் தீர்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தவறு வாடிக்கையாளருடையது என்றால் அதை நிரூபிக்க வேண்டிய பொறுப்பு வங்கியுடையது.

காகிதத்தில் இவை நல்ல விதிகளே. ஆனால் இவ்விதிகள் யாரை மனத்தில் கொண்டு எழுதப்பட்டன என்று பார்க்க வேண்டும். ஜன் தன் திட்டம் தொடங்கி 2018 ஆகஸ்டில் நான்காண்டுகள் நிறைவடைந்தன. 32 கோடிக்கும் மேற்பட்ட கணக்குகளில் ஏறத்தாழ 81,000 கோடி ரூபாய் இருப்பதாக அரசு அப்போது பெருமை பேசியது. வகுத்துப் பார்த்தால், கணக்கு ஒன்றுக்கு அப்போதைய சராசரி இருப்பு ஏறத்தாழ 2,500 ரூபாய். இத்தகைய கணக்குக்கு இழப்பின் உச்சவரம்பு 5,000 ரூபாய் என்பது எவ்விதப் பாதுகாப்பு? நான்காம் நாள் புகார் செய்யச் செல்லும் ஏழையின் கணக்கு முழுவதும் துடைக்கப்பட்டிருந்தாலும், வரம்புக்கு உட்பட்ட இழப்பு என்று கூறி வங்கி கைகழுவிக்கொள்ள முடியும். இலட்சக்கணக்கில் வைத்திருப்பவருக்கே இந்த வரம்பு கேடயமாகிறது. சில ஆயிரங்கள் மட்டுமே உள்ளவருக்கு அது வெறும் எழுத்து.

மூன்று நாள் என்ற கெடுவும் அவ்வாறே. கைபேசி எண் மாறிப்போன புலம்பெயர் தொழிலாளிக்கும், பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வரும் குறுஞ்செய்தியைப் படிக்க இயலாத நூறு நாள் வேலைத் தொழிலாளிக்கும், கணக்கு வெறுமையானது அடுத்த கூலியை எடுக்கச் செல்லும் நாளில்தான் தெரியவரும். செய்தி அனுப்பிய வங்கியின் கடமை அத்துடன் முடிந்துவிடுகிறது. செய்தி சென்று சேர்ந்ததா என்பதைக் கேட்பாரில்லை.

கடன் அட்டைக்கும் டெபிட் கார்டுக்கும் உள்ள வேறுபாடும் இங்கே வர்க்க வேறுபாடாக வெளிப்படுகிறது. கடன் அட்டையில் மோசடி நடந்தால் முதலில் போவது வங்கியின் பணம். வாடிக்கையாளர் அதைக் கட்ட மறுத்து வாதாடலாம். டெபிட் கார்டில் போவது உழைப்பாளியின் கூலி. பத்து வேலை நாட்கள் என்பது நாட்காட்டியில் இரண்டு வாரங்கள். அந்த இரண்டு வாரங்களுக்கு அரிசிக்கும் மருந்துக்கும் அவர் எங்கே போவார்?

‘அலட்சியம்’ என்னும் ஆயுதம்

வாடிக்கையாளரின் அலட்சியத்தால் பணம் போயிருந்தால், அதாவது இரகசிய எண் போன்ற விவரங்களை அவரே பகிர்ந்திருந்தால், புகார் செய்யும் நேரம் வரையிலான இழப்பு முழுவதும் அவரையே சாரும் என்று அதே சுற்றறிக்கை கூறுகிறது. வங்கிகள் இறுகப் பற்றிக்கொண்டிருப்பது இவ்விதியைத்தான். ‘சரியான இரகசிய எண் பயன்படுத்தப்பட்டுள்ளது, ஆகவே நீங்கள்தான் யாருக்கோ சொல்லியிருக்க வேண்டும்’ என்ற ஒற்றை வரிப் பதிலோடு புகார்கள் முடித்துவைக்கப்படுகின்றன. எண்ணைக் கேமரா திருடியிருக்கலாம் என்பதை வங்கி அறியாததன்று. பரிவர்த்தனைப் பதிவுகளும், ஏடிஎம் கேமராக் காட்சிகளும் வங்கியின் வசமே உள்ளன. நிரூபிக்கும் பொறுப்பு தன்னுடையது என்பதை மறந்து, சான்றுகளே இல்லாதவரிடம் சான்று கேட்பது நீதியைத் தலைகீழாக்குவதாகும்.

‘வங்கி மேலாளர் பேசுகிறேன், உங்கள் கார்டு முடக்கப்பட்டுள்ளது’ என்று வரும் தொலைபேசி அழைப்புகளில் ஏமாறுவோரும் ஏராளம். எச்சரிக்கையாக இருப்பது மக்களின் கடமை என்பதில் ஐயமில்லை. ஆனால் அழைத்தவருக்குக் கணக்கு வைத்திருப்பவரின் பெயரும், கைபேசி எண்ணும், வங்கியின் பெயரும் எப்படிக் கிடைத்தன? தனிநபர் தகவல் பாதுகாப்புக்கான வரைவு மசோதாவை நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018 ஜூலை 27 அன்றுதான் அளித்தது. சட்டம் வருவதற்கு முன்பே, தகவல்கள் சந்தைக்கு வந்துவிட்டன.

வசூலிப்பதில் காட்டும் வேகம்

பாதுகாப்புக்குப் பணமில்லை என்று வங்கிகள் கூற முடியாது. குறைந்தபட்ச இருப்பு இல்லை என்பதற்காக மட்டும் 2017-18ஆம் ஆண்டில் 24 வங்கிகள் வாடிக்கையாளர்களிடமிருந்து வசூலித்த அபராதம் ஏறத்தாழ 5,000 கோடி ரூபாய். குறுஞ்செய்திக்குக் கட்டணம், இலவச வரம்பைத் தாண்டிய ஏடிஎம் பரிவர்த்தனைக்கு இருபது ரூபாய் வரை கட்டணம், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி என்று 2018இல் பட்டியல் நீண்டது. கட்டணங்கள் கேட்காமலே கணக்கிலிருந்து கழிகின்றன. களவு போன பணமோ கேட்டாலும் திரும்புவதில்லை.

அரசின் முன்னுரிமையும் இவ்வாறானதே. 2,000 ரூபாய் வரையிலான டெபிட் கார்டு, பீம் போன்ற பரிவர்த்தனைகளுக்கு வணிகர் செலுத்த வேண்டிய கட்டணத்தை இரண்டாண்டுகளுக்குத் தானே ஏற்பதாக மத்திய அரசு அறிவித்தது. இதற்கு மதிப்பிடப்பட்ட செலவு 2,512 கோடி ரூபாய். சிறுவணிகரின் சுமை குறைவது வரவேற்கத்தக்கதே. ஆனால் அட்டையை மக்களிடம் பரப்பப் பொதுப்பணத்தை ஒதுக்கத் தெரிந்த அரசுக்கு, அட்டையால் கூலியை இழந்தவருக்கு உடனடி நிவாரணம் அளிக்க ஒரு நிதியம் அமைக்கத் தோன்றவில்லை.

வங்கித் துறையின் பாதுகாப்பை அரித்தது நவீன தாராளமயக் கொள்கையே. ஏடிஎம் பராமரிப்பும், பணம் நிரப்புவதும், பரிவர்த்தனைக் கணினிகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தனியாருக்கு ஒப்பந்தம் விடப்பட்டன. செலவைக் குறைக்கவென்று காவலர்கள் அகற்றப்பட்டனர். கிளைகளில் நிரந்தர ஊழியர் எண்ணிக்கை சுருங்கியது. காவலர் இருந்த ஏடிஎம்மில் ஒருவர் ஏணி போட்டுக் கேமரா ஒட்டிச் செல்ல முடியாது. இன்று, ஏமாந்து ஓடிவரும் முதியவரின் புகாரைப் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொள்ளவும் பல கிளைகளில் ஆளில்லை.

இழப்பை வைப்பாளர் தலையில் சுமத்துவது ஒரு தற்செயல் நிகழ்வன்று, கொள்கையாகவே அது முன்வைக்கப்பட்டது. வங்கி நொடித்தால் வைப்பாளர்களின் பணத்தைக் கொண்டே அதைத் தூக்கி நிறுத்த வழிசெய்த எஃப்ஆர்டிஐ மசோதாவை, வங்கி ஊழியர் சங்கங்களும் பொதுமக்களும் காட்டிய கடும் எதிர்ப்பின் காரணமாக அரசு 2018 ஆகஸ்ட் 7 அன்று திரும்பப் பெற்றது. ஒன்றுபட்டுக் குரல் எழுப்பினால் வைப்பாளரின் பணத்தைக் காக்க முடியும் என்பதற்கு அதுவே சான்று.

செய்ய வேண்டியவை

இடதுசாரிகள் தொழில்நுட்பத்துக்கு எதிரானவர்கள் என்ற பழைய வசையை ஆட்சியாளர்கள் மீண்டும் உச்சரிக்கலாம். ஏடிஎம் இயந்திரத்தையோ அட்டையையோ எவரும் எதிர்க்கவில்லை. அதன் இலாபம் வங்கிக்கும் வலைப்பின்னல் நிறுவனங்களுக்கும், அதன் ஆபத்து மட்டும் மக்களுக்கும் என்ற பங்கீடுதான் எதிர்க்கப்படுகிறது. முதலாளித்துவத்தின் தலைமையகமான அமெரிக்காவிலேயே, இரண்டு வேலை நாட்களுக்குள் தகவல் தரும் டெபிட் கார்டு வாடிக்கையாளரின் இழப்பு 50 டாலரைத் தாண்டக் கூடாது என்று 1978ஆம் ஆண்டிலேயே நாடாளுமன்றச் சட்டம் இயற்றப்பட்டுவிட்டது. இங்கோ நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 2018இலும் சுற்றறிக்கை மட்டுமே இருந்தது.

ஆகவே 2017 சுற்றறிக்கையின் விதிகள் நாடாளுமன்றச் சட்டமாக்கப்பட வேண்டும். அடிப்படைச் சேமிப்புக் கணக்குகளுக்கு, மோசடியில் வாடிக்கையாளர் உடந்தையாக இருந்தார் என்று வங்கி நிரூபித்தாலன்றி, இழப்பு எதுவும் சுமத்தப்படக் கூடாது. கூலியும் ஓய்வூதியமும் வரும் கணக்குகளில் களவு போன தொகை, புகார் அளித்த மறுநாளே தற்காலிகமாக வரவு வைக்கப்பட வேண்டும். 2018 டிசம்பர் 31க்குப் பிறகும் சிப் அட்டை வழங்காத வங்கியும், காலாவதியான இயங்குதளத்தில் ஏடிஎம் நடத்தும் வங்கியும், அவற்றால் நேரும் இழப்பை முழுமையாக ஏற்க வேண்டும். எச்சரிக்கைக் குறுஞ்செய்திகள் கட்டணமின்றி, வாடிக்கையாளரின் தாய்மொழியில் அனுப்பப்பட வேண்டும். தனித்து நின்று கணினிப் பாதுகாப்பை ஏற்படுத்திக்கொள்ள வசதியற்ற கூட்டுறவு வங்கிகளுக்கு, ரிசர்வ் வங்கியின் பொறுப்பில் பொதுவான பாதுகாப்பு ஏற்பாடு வேண்டும். ஏடிஎம் பணிகளை ஒப்பந்தத்துக்கு விடுவது கைவிடப்பட்டு, காவலர்களும் ஊழியர்களும் நிரந்தரமாக நியமிக்கப்பட வேண்டும்.

சட்டம் வரும்வரை, இருக்கும் உரிமையை முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். தான் செய்யாத பரிவர்த்தனை குறித்த செய்தி வந்தவுடன் வங்கியின் இலவசத் தொலைபேசி எண்ணை அழைத்து அட்டையை முடக்க வேண்டும். புகார் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். கிளைக்குச் சென்று எழுத்து மூலமாகப் புகார் கொடுத்து, நகலில் வங்கியின் முத்திரையையும் தேதியையும் பெற வேண்டும். பணம் எடுக்கப்பட்ட நேரத்தில் தாம் எங்கே இருந்தார் என்பதையும், அட்டை தம்மிடமே உள்ளது என்பதையும் அதில் குறிப்பிடுவது நலம். காவல் நிலையத்திலும் புகார் பதிவு செய்ய வேண்டும். வங்கி ஒரு மாதத்துக்குள் பதிலளிக்காவிட்டாலோ, அதன் பதில் நியாயமற்றதாக இருந்தாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். அவரது அலுவலகங்கள் பெரும்பாலும் தலைநகரங்களில் இருப்பினும், அஞ்சலிலும் முறையீட்டை அனுப்ப முடியும்.

தனி ஒருவராக வங்கியின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு செல்பவருக்கு ஒற்றை வரிப் பதில் கிடைக்கிறது. ரேஷன் அட்டைக்கும் முதியோர் ஓய்வூதியத்துக்கும் மக்களோடு சென்று மனுக் கொடுக்கும் தொழிற்சங்கங்களும், விவசாயத் தொழிலாளர், வாலிபர், மாதர் அமைப்புகளும் இதையும் தங்கள் அன்றாடப் பணிகளில் ஒன்றாக ஏற்க வேண்டும். மூன்று வேலை நாட்கள் என்ற விதியைக் குடியிருப்புகள்தோறும் கொண்டு சேர்ப்பதும், ஏமாந்தவருடன் வங்கிக்குச் சென்று நிற்பதும், வங்கி ஊழியர் சங்கங்களோடு கைகோத்துச் சட்டப் பாதுகாப்புக்காகப் போராடுவதும் ஒரே பணியின் மூன்று பகுதிகள். உழைத்து ஈட்டிய கூலி எந்த வடிவில் இருந்தாலும் அது உழைத்தவருக்கே உரியது. அதைக் காக்கத் தவறியவர்களே அதற்கு ஈடு செய்ய வேண்டும்.